குறுக்கே திரும்பிய சக்கரம்

சைக்கிளில் வேகமாகச் சென்றுகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று முன் சக்கரம் குறுக்கே திரும்பிக்கொள்கிறது. என்ன ஆகும்? தலைகுப்புற விழுவீர்கள் அல்லவா? ஒரு ஜெட் விமானத்துக்கே இந்த நிலை வந்தது. ஆனால் அது விழவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

2005 செப்டம்பர் 21 அன்று, அமெரிக்காவில் பர்பாங்க் நகரிலிருந்து நியூயார்க்குக்கு ஓர் ஏர்பஸ் ஏ320 விமானம் கிளம்பியது. அதில் 146 பேர் இருந்தனர். மேலே எழும்பியதும் முன் சக்கரங்கள் உள்ளே மடங்கவில்லை. என்ன கோளாறு என்பதை விமானிகள் தம் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே லாங்பீச் விமான நிலையக் கோபுரத்தின் அருகே தாழ்வாகப் பறந்தனர். கீழிருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்: முன் சக்கரங்கள் 90 பாகை திரும்பி, குறுக்காக நிற்கின்றன!

உடனே இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நெடும்பயணத்துக்கான எரிபொருள் அப்போது நிறைய இருந்தது. எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி இவ்விமானத்தில் இல்லை. எனவே சுமார் மூன்று மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருளை எரித்துத் தீர்த்தனர். அவசர நேரத்தில் பொறுமையே பாதுகாப்பாயிற்று.

அடுத்து, பயணிகள் சிலர் பின்பக்க இருக்கைகளுக்கு மாற்றப்பட்டனர். காரணம் எளிது. விமானத்தின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குபவை இறக்கைகளுக்கு அடியிலுள்ள பெரிய சக்கரங்களே. அவற்றின் மேல் விமானம் ஏற்றப்பலகைபோல் நிற்கிறது. பின்பக்கம் கனம் கூடினால் முன்சக்கரத்தின் சுமை குறையும்.

லாஸ் ஏஞ்சலஸ் ஓடுபாதையில், மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரங்கள் மட்டும் முதலில் தரையைத் தொட்டன. விமானி மூக்கைத் தூக்கியே வைத்திருந்தார். வாலிலுள்ள அசையும் தகடுகளின் மீது காற்று மோதுவதால்தான் மூக்கு தூக்கி நிற்கிறது. வேகம் குறையக் குறைய அந்த விசை குறையும். மூக்கு தானே தாழும். திடீரென வேகத்தைக் குறைத்தால் மூக்கு சட்டென்று கீழே அழுந்திவிடும். ஆகையால் தானியங்கித் தடையையும், எஞ்சினின் எதிர்விசையையும் அவர் பயன்படுத்தவில்லை.

மூக்கை மெதுவாக இறக்குவதில் என்ன லாபம்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். அந்த அளவுக்கு உராய்வில் தோன்றும் வெப்பமும் குறையும்.

கடைசியில் முன் சக்கரம் தரையைத் தொட்டது. டயர்கள் தேய்ந்து எரிந்தன. உலோகம் உராய்ந்து தீப்பொறி பறந்தது. வேகமாக ஓடும்போது வாலிலுள்ள சுக்கான் விமானத்தை நேராகச் செலுத்தும். வேகம் குறைந்தபின் அதற்கு வலுவில்லை. முன் சக்கரமும் பயன்படாது. அந்நிலையில் விமானிக்கு மிஞ்சுவது இடது, வலது சக்கரங்களின் பிரேக்குகள்தாம். விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை!

கோளாறுக்குக் காரணம் என்ன? ஒரு மெல்லிய கம்பியைப் பலமுறை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். ஒடிந்துவிடும். இதுவே உலோகச் சோர்வு. ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் முன் சக்கரத்தைச் சற்றே இருபுறமும் திருப்பி, கணினி சோதித்துக்கொள்ளும். பலமுறை நடந்த அந்தச் சோதனையே, சக்கரம் சுழன்றுவிடாமல் தடுக்கும் உலோக முனைகளைச் சோர்வடையச் செய்து உடைத்தது என்று விசாரணையில் தெரிந்தது. பாதுகாப்புக்கென வைத்த சோதனையே பழுதுக்கு வித்திட்டது! பிறகு அந்தக் கணினி அமைப்பு திருத்தப்பட்டது.

இப்போது நீங்களே சிந்தியுங்கள்: குறுக்கே நின்ற சக்கரம் 90 பாகைக்குப் பதில் 45 பாகை திரும்பியிருந்தால், விமானம் நேராக ஓடியிருக்குமா?