உங்கள் ஊர் எள்ளே போதும்

கேள்வி: செராமிக் பட்டறையில் நாளெல்லாம் களிமண்ணில் கை வைப்பதால் தோல் வறண்டு வெடிக்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாகத் தடவுங்கள், சகோதரி. களிமண் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். நல்லெண்ணெய் படலமாக நின்று ஈரத்தைக் காக்கும். வேலை முடிந்து கழுவியதும், கை லேசாக ஈரமாக இருக்கும்போதே நாலு சொட்டு விட்டு, விரல் இடுக்குவரை தேயுங்கள்.

எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். உங்கள் ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையமே வி.ஆர்.ஐ. என்ற பெயரில் எள் ரகங்களைத் தந்திருக்கிறது. வெளியூர் புட்டி எதற்கு? செக்கில் ஆட்டியதை வாங்கி, நீங்கள் செய்யும் பீங்கான் ஜாடியிலேயே மூடி வையுங்கள். வெளிச்சம் பட்டால் சிக்கு வாடை வரும். தலைக்கும் அதுவே போதும். முடி கொட்டுவது நின்றுவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால், எண்ணெயை நிறுத்திவிட்டு உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள்.