டிராம் வண்டியும் நடந்து செல்வோரும்

ஒரு நகரின் மையப் பகுதி நடப்பதற்கு ஏற்றதா என்பதை அதன் வீதிகளின் அகலத்தை மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது. வாகனம் பிரயாணியை எவ்விடத்தில் இறக்கிவிடுகிறது, அவ்விடத்திலிருந்து கடைவாயில் வரை என்னென்ன தடைகள் உள்ளன என்பனவற்றையும் அளந்தறிதல் வேண்டும். சென்னை, செகந்திராபாத் ஆகிய இரு நகரங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சென்னையில் 1895ஆம் ஆண்டு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடியது இங்கேதான். தொடக்கத்தில் வீதியின் தரைக்கடியில் அமைத்த கால்வாயின் வழியே மின்சாரம் அளிக்கப்பட்டது. மழைக்காலத்தில் அது தொல்லை தந்தமையால், பின்னர்த் தலைக்கு மேலே கம்பிகள் கட்டப்பட்டன. (டிராம் என்ற சொல்லை மக்கள் அப்படியே ஏற்றுக்கொண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காமல் விட்டனர்.) 1953 ஏப்ரலில் இவ்வண்டிகள் நின்றுபோயின.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும்பொழுது ஏற்படும் தடை, ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்பொழுது ஏற்படுவதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகவே அதே பாரத்தை இழுக்கக் குறைந்த சக்தியே போதும். எதிரே ஒரு மாட்டுவண்டி நின்றுவிட்டால் விலகிச் செல்ல இயலாமை இதன் பெருங்குறை. எனினும் நடந்து செல்வோருக்கு டிராம் அளித்த நன்மை வேறு: வீதி மட்டத்திலேயே ஏறி இறங்கலாம்; நிறுத்தங்களும் அடுத்தடுத்து அமையும். பாரிமுனையில் இறங்கியவர் தம்புச் செட்டித் தெருவுக்கோ லிங்கிச் செட்டித் தெருவுக்கோ படியேறாமலே நடந்து சென்றார்.

செகந்திராபாத்தின் அமைப்பு வேறுவகைப்பட்டது. 1806இல் ஆங்கிலேயரின் ராணுவக் குடியிருப்பாகத் தோன்றி, நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற ஊர் இது. 1874இல் ரயில் வந்தது. 1932இல் நிஜாம் அரசின் ரயில்வே இலாகா 27 பஸ்களுடன் ஹைதராபாத் பகுதியில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்டிரீட் என முன்னர் வழங்கிய மகாத்மா காந்தி சாலை வாகனங்களுக்கு உரியது. அதனை அடுத்துள்ள ஜெனரல் பஜாரின் சந்துகளோ குறுகியவை. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கிய அச்சந்துகளில் நடப்பவரே அரசர். வாகனம் நுழைய அஞ்சும்.

2017 நவம்பரில் ஹைதராபாத் மெட்ரோ ரயில் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 69 கிலோமீட்டர் நீளத்தில் 57 நிலையங்கள் இருப்பதால், நிலையங்களுக்கிடையே சராசரியாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தூரம் உள்ளது. ஒரு கணக்கைக் காண்போம். நிலைய இடைவெளி 1,200 மீட்டர் எனில், பாதையோரத்தில் நடுவில் உள்ள கடைக்கு 600 மீட்டர் நடக்க வேண்டும், மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு எட்டு நிமிஷம் ஆகும். இடைவெளி 300 மீட்டர் எனில் இரண்டு நிமிஷமே போதும். ஆயினும் அடிக்கடி நிற்கும் வண்டி மெதுவாகவே செல்லும். நெடுந்தூரப் பிரயாணிக்கு மெட்ரோ ஏற்றது. கடைவீதிக்கு வருபவருக்கு டிராமே ஏற்றது. இரண்டையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்த்தல் தகாது. சென்னையிலும் 2019இல் மண்ணடி, உயர்நீதிமன்றம் ஆகிய நிலையங்கள் நிலத்தடியில் திறக்கப்பட்டன. செகந்திராபாத்தில் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். சென்னையில் ஆழத்திலிருந்து ஏற வேண்டும். மின்தூக்கிகள் இருப்பினும், வீதியை அடைந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது.

24 மீட்டர் அகலமுள்ள சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் செல்லும் இளைஞர் 20 விநாடிகளில் கடப்பார். விநாடிக்கு 0.8 மீட்டர் செல்லும் மூதாட்டிக்கு 30 விநாடிகள் வேண்டும். விளக்கு 20 விநாடிக்கே பச்சையாக இருப்பின், அவர் 16 மீட்டரில், வண்டிகள் புறப்படும் வேளையில், நடுச்சாலையைத் தாண்டி நிற்பார். சாலை நடுவே ஒரு மேடை அமைத்தால் அவர் இரு தவணைகளில் கடக்கலாம். இதற்குத் தண்டவாளமும் வேண்டா, மின்கம்பியும் வேண்டா.