ஏரி பலி கேட்பதில்லை

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் அந்த அமைதியை மலை தந்த வரம் என்றே நினைக்கிறார்கள். மலை தந்தது ஓடையும் சதுப்பும்தான். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர் அது. ஊட்டி ஏரியும் இயற்கையானதல்ல, ஜான் சல்லிவன் வெட்டுவித்தது.

'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வீராணத்துக்குப் போகிறவர்கள், வந்தியத்தேவன் பார்த்த கடல் என்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்புகிறார்கள். தப்பான மாதத்தில் போனால் வெடித்த மண்தான். கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஏரி அது. கல்கி பொய் சொல்லவில்லை. ஆடிப்பெருக்கு அன்று கதையைத் தொடங்கினார், நாள் பார்க்கத் தெரிந்தவர்!

மதுராந்தகத்தில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதை 1798-ல் கலெக்டர் பிளேஸ் துரை பார்த்தார் என்பது ஐதீகம். அந்த நம்பிக்கையில் குறுக்கிட நான் யார்? ஆனால் வெள்ளத்தில் கரையைக் காப்பது, மிஞ்சிய நீரை வெளியேற்றும் கலங்கல். அதை அடைத்து மனை போட்டால் எந்தச் சாமியும் வில்லோடு வரப்போவதில்லை.

‘இந்த ஏரி வருஷத்துக்கு ஒரு உசுரு கேக்கும்’ என்ற பேச்சுதான் ஆபத்தானது. காலைப் பிடித்து இழுப்பது முனியல்ல, பொக்லைன் தோண்டிய பள்ளம். வண்டல் அள்ளிய இடத்தில் மழைக்குப் பிறகு தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். இடுப்பளவு நீரில் நடந்துவரும் பையனுக்கு அடுத்த எட்டில் தரை இருக்காது. பள்ளத்தின் ஓரம் செங்குத்து, களிமண் வழுக்கும், பிடி கிடைக்காது. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு வாங்கவே வாய் போதாது. பக்கத்தில் குளிப்பவருக்கும் தெரியாமல் போவது அதனால்தான். மூன்றாம் நாள் ஏரியே பிணத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்பதும் கதைதான். அழுகும் உடலில் சேரும் வாயு அதை மிதக்க வைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம், குளிர்ந்ததில் தாமதம்.

பலி என்று சொல்லிவிட்டால், அளவுக்கு மீறித் தோண்டியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி என்று அடுத்தடுத்து மூழ்குவதையும் ஏரியின் கோபம் என்கிறோம். மூழ்குகிறவர் பதற்றத்தில் கிடைத்த ஆளை இறுகப் பிடித்துக்கொள்வார். எனவே, நீச்சல் தெரிந்தாலும் குதித்துவிடாதீர்கள். கரையில் நின்றபடியே சேலையையோ கயிற்றையோ வீசுங்கள். காலி பிளாஸ்டிக் குடம் கிடைத்தால் அதையும் தூக்கிப் போடுங்கள்.