பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எங்கே நிற்கிறதோ அங்கே பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் பல இன்றும் வீடுகளில் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸ் போட்டால் படிக்க, எழுத, வீடியோ வகுப்பு பார்க்க இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும்.

ஆனால் நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டால் பலரும் செய்வது ஒன்றுதான்: அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலும் அது தேவைப்படாது. அதே கோளாறு அதே இடத்தில் மறுபடி வரும். எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் கடைசியாக வந்த வரி என்ன என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வரியை ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே உள்ள வரிசையில் வாருங்கள்.

படி 1: தொடங்கும் முன் இயந்திரத்தைச் சோதியுங்கள்

ப்ராசஸர் 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். கோர் 2 டியோவும் அதற்குப் பின் வந்த கோர் ப்ராசஸர்களும் 64 பிட்தான். ஆட்டம் என்270 போன்ற சிறு நெட்புக்குகள் 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸில் 32 பிட் இயந்திரங்களுக்கு இன்ஸ்டாலரே கிடையாது; அவற்றுக்கு டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் 32 பிட் பதிப்பு பொருந்தும்.

ரேம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நிறைவாக ஓடும். 2 ஜிபி என்றாலும் ஓடும். ஆனால் பிரௌசரில் நிறைய டேப் திறக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட முடிந்தால், வேறு எந்த மாற்றமும் தராத வேகம் கிடைக்கும்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை லைவாக ஓட்டி, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் தகவலைத் திறந்து பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்' எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் சாகப்போகிறது. அதில் எதை நிறுவினாலும் வீண். எப்படியிருந்தாலும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

படி 2: பென் டிரைவ்

இன்ஸ்டால் பாதியில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பென் டிரைவை. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் எஸ்எச்ஏ256 எண், இணையதளத்தில் தந்துள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி பதிவிறக்குங்கள். பூட் மெனுவிலேயே கோப்புகளைச் சரிபார்க்கும் தேர்வும் இருக்கும். சில நிமிடம் ஆனாலும் ஓட்டிவிடுங்கள்.

யுஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய லேப்டாப் என்றால் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் செயலியில் 'எம்பிஆர்' தேர்ந்தெடுத்து எழுதுங்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும்.

படி 3: கறுப்புத் திரை

லோகோ வந்து திரை கறுத்துவிட்டால், குறிப்பாக என்விடியா கார்டு உள்ள பழைய லேப்டாப்பில், கோளாறு கிராஃபிக்ஸில்தான் இருக்கும். மின்ட்டின் பூட் மெனுவில் 'காம்பேட்டிபிலிட்டி மோடு' என்ற தேர்வு உண்டு, அதில் நுழையுங்கள். மற்ற லினக்ஸ்களில் பூட் வரியில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். நிறுவி முடித்ததும் முதல் பூட்டிலும் இதையே செய்ய வேண்டிவரும். பிறகு டிரைவர் மேனேஜரில் பொருத்தமான டிரைவரைப் போட்டால் இது தேவைப்படாது.

படி 4: டிஸ்க்கே தெரியவில்லை

இன்ஸ்டாலர் பென் டிரைவை மட்டும் காட்டி உள் டிஸ்க்கைக் காட்டவில்லை என்றால், பயாஸில் சாட்டா அமைப்பு 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' என்று இருக்கும். அதை 'ஏஎச்சிஐ' ஆக்குங்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்பவர்கள் அவசரப்பட வேண்டாம்: விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி முதலில் அமைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் விண்டோஸ் திறக்காது. பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம்.

படி 5: நிறுவியாயிற்று, ஆனால் திறக்கவில்லை

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறதா? யுஇஎஃப்ஐ உள்ள ஏசர் லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான், பூட் கோப்பை நம்பகமானதாகச் சேர்க்கும் தேர்வு திறக்கும். லினக்ஸின் கோப்பைச் சேர்த்து, பூட் வரிசையில் மேலே கொண்டுவாருங்கள். மற்ற இயந்திரங்களில் லைவ் பென் டிரைவிலிருந்து 'பூட் ரிப்பேர்' கருவியை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். பென் டிரைவை எந்த முறையில் பூட் செய்தீர்களோ அந்த முறையில்தான் லினக்ஸ் நிறுவப்படும். ஆகவே விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்றால் இதுவும் யுஇஎஃப்ஐ ஆகவே இருக்கட்டும்.

படி 6: வைஃபை இல்லை

பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களில் டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும். அதைப் பதிவிறக்கவோ இணையம் வேண்டும். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள், இணையம் வந்துவிடும். டிரைவர் மேனேஜர் பிராட்காம் டிரைவரைத் தானே காட்டும்.

செக்யூர் பூட் இயங்கினால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் நிற்கும். பழக்கத்தில் 'கன்டினியூ' அழுத்திவிடாதீர்கள். 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து, அதே பாஸ்வேர்டைத் தாருங்கள். அதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் வைஃபை வராது.

படி 7: அப்டேட் நின்றுவிட்டது

'நாட் வேலிட் யெட்' என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி செத்தால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகும். இன்று வெளியான கோப்பு அந்தக் கணக்கில் எதிர்காலத்தில் இருக்கும். அதனால் லினக்ஸ் அதை ஏற்காது. பிரௌசரும் எந்தத் தளத்தையும் நம்பாது. இணையம் கிடைத்ததும் நேரம் தானாகத் திருத்தப்படும். அதற்குள் அப்டேட் ஓடினால்தான் சிக்கல். தேதியைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். பேட்டரியை மாற்றினால் நிரந்தரத் தீர்வு, செலவும் குறைவு.

'குட் நாட் கெட் லாக்' என்றால் பின்னணியில் இன்னோர் அப்டேட் ஓடுகிறது. காத்திருங்கள். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். பாதியில் நிற்கும் பேக்கேஜ்கள் சிதைந்துவிடும்.

'நோ ஸ்பேஸ்' என்றால், பூட் பகுதி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். என்கிரிப்ஷனோடு நிறுவியவர்களுக்கு அது சில நூறு எம்பி மட்டுமே இருக்கலாம். பழைய கர்னல்கள் சேர்ந்து நிரம்பிவிடும். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கர்னல்ஸ்' திறந்து பழையவற்றை நீக்குங்கள். இப்போது ஓடும் கர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் தொடாதீர்கள்.

மின்சாரம் போய் அப்டேட் பாதியில் அறுந்தால், சினாப்டிக் செயலியில் 'ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்' தேர்வு செய்யுங்கள். சினாப்டிக் திறக்க மறுத்தால், டெர்மினலில் ஓட்ட வேண்டிய கட்டளையை அதே செய்தியிலேயே சொல்லும்; அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

'404' வந்தால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்திருக்கக்கூடும். மின்ட் 20-க்கான ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்தது. மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை உண்டு. 20-இலிருந்து 22-க்குத் தாவ முடியாது. 21 வழியாகத்தான் போக வேண்டும்.

படி 8: அப்டேட்டுக்குப் பின் திறக்கவில்லை

பூட் ஆகும்போது பழைய பயாஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருங்கள். யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் தட்டுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கர்னல் இருக்கும். அதில் திறந்தால் கோளாறு புதிய கர்னலில்தான். சரியான அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால், சிஸ்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட் செயலியின் பதிவு இருக்கிறதா என்று லைவ் பென் டிரைவிலிருந்து பாருங்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கு முன்பும் ஒரு டைம்ஷிஃப்ட் பதிவு எடுப்பதை வழக்கமாக்குங்கள். அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் கோப்புகளுக்குத் தனி நகல் வேண்டும்.

மறுபடி நிறுவுவது எப்போது?

டிஸ்க்கை மாற்றியிருந்தாலோ, பதிப்பு மிகப் பின்தங்கியிருந்தாலோ, மேலே சொன்ன எதுவும் பலிக்காவிட்டாலோ மறுபடி நிறுவுங்கள். அப்போது 'ஹோம்' பகுதியைத் தனியாக ஒதுக்கினால், பின்னொரு நாள் சிஸ்டத்தை மட்டும் மாற்றலாம். கோப்புகள் அப்படியே இருக்கும்.

எல்லாம் சரியானதும் ஒரு துண்டுத் தாளில் மாடல் பெயர், பூட் விசை, பயாஸில் செய்த மாற்றங்கள், வைஃபை சிப், நன்றாக ஓடிய கர்னல் எண் ஆகியவற்றை எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுத வேண்டாம். பழைய லேப்டாப் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறும். அடுத்து அதைத் திறப்பவர் முதலிலிருந்து தடுமாறாமல் இருக்க அந்தத் தாள் போதும்.