டேங்க் மூடிப் பூட்டும் காஷ்மீர்க் குளிரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஜூஸ் கடைக்குத்தான் போகவேண்டும். ஆனால் நேஷனல் பர்மிட் லாரிகள் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே போகின்றன. சில, ஸ்ரீநகர் வரைக்கும். அங்கே டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர். இரவில் பூஜ்யத்துக்குக் கீழேதான். அந்த லைனைப் பற்றிப் பேச்சு வந்தால், டீசல் டேங்க் பூட்டைப் பற்றிய கதைகளும் கூடவே வரும்.

பூட்டு மூடி குளிரில் இறுகிக்கொள்ளும், சாதா மூடியே மேல் என்பது முதல் கதை. இறுகுவது உண்மை, பழிதான் தப்பான இடத்தில் விழுகிறது. உறைவது பூட்டல்ல, சாவித் துவாரத்தில் தங்கிய தண்ணீர். மழையோ மூடுபனியோ வாட்டர் சர்வீஸோ, எதிலிருந்து வந்தாலும் ஒரு சொட்டு போதும். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பின்களை நகரவிடாது. ரப்பர் வாஷரில் ஈரம் இருந்தால் சாதா மூடியும்தான் ஒட்டிக்கொள்ளும். சாதா மூடி போட்டு இரவில் ரோட்டோரம் நிறுத்தினால், காலையில் டீசல் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் எண்ணெய் விடலாமே? நம் வீட்டுப் பூட்டுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய்தான் வைத்தியம். அது 24 டிகிரி வாக்கிலேயே கட்டியாகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ரீநகரில் அது பூட்டை அடைத்து வைத்ததற்குச் சமம். கிரீஸும் குளிரில் தடித்துப்போகும், தூசியையும் இழுத்துக்கொள்ளும். கிளம்பும் முன் பஞ்சர் கடையில் ஏர் பிடித்துத் துவாரத்தை உலர்த்தி, கொஞ்சம் கிராஃபைட் பொடி தூவுங்கள். துவாரத்தை மூடும் சின்னத் தகடு உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

உறைந்தபின் வெந்நீர் ஊற்றுவது பலருக்கும் பிடித்த வழி. உடனே திறக்கும், மறுக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் உள்ளேயே தங்கி அன்றிரவு இன்னும் கெட்டியாக உறையும். கொஞ்சம் டேங்குக்குள்ளும் போகும். சூடான டீ கிளாஸில் சாவியை ஒட்டி வைத்து, துடைத்து, நுழைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். பந்தம், ஸ்டவ், லைட்டர் எதையும் டேங்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டீசல் எளிதில் பற்றாது என்ற தைரியம் வேண்டாம்: நம் நாட்டுத் தரக் கட்டுப்பாட்டின்படி அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் 35 டிகிரிக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். தீ பட்ட தகடு அதை எப்போதோ தாண்டிவிடும்.

வண்டி இழுக்காமல் நின்றாலும் பூட்டு மூடிமேல்தான் பழி. இதில் பாதி நியாயம் உண்டு. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வரவேண்டும். காற்றுவழி இல்லாத மலிவு மூடியோ, பனி அடைத்த காற்றுவழியோ இருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நின்றுபோகும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால் குற்றவாளி அதுதான்.

இழுக்கவில்லையா? டீசலிலேயே மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்திருக்கும். இங்கே பிடித்த டீசல் நம் வெயிலுக்கானது. இதற்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்காகக் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராவது, மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காது. மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் வழவழப்பும் குறைந்து பம்பும் இன்ஜெக்டரும் தேயும், ரேஷன் மண்ணெண்ணெய் என்றால் வழக்கும் சேர்ந்து வரும். இங்கிருந்தே டேங்கை நிரப்பிக்கொண்டு போகாமல், மலை ஏறும் முன் அந்தப் பக்கத்து பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள்.