1.5 பெரிதா, 1.2 பெரிதா?

மாணவர்களே, சாதாரண பேட்டரிக் கட்டையில் 1.5 வோல்ட் என்றிருக்கும். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல் வகையிலோ 1.2 தான். ஆயினும் பொம்மைக் காரை விடாமல் ஓட்டுவது பின்னதே! காரணம், அகமின்தடை. பாதி தீர்ந்த சாதாரணக் கட்டையில் அது 1 ஓம் எனக் கொள்வோம். மோட்டார் அரை ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே 0.5 வோல்ட் வீணாகும். வெளியே கிடைப்பது 1 வோல்ட்டுக்கு மேல் இராது. நிக்கல் கலத்தின் அகமின்தடை மிகக் குறைவு, 1.2 ஏறக்குறைய முழுதும் வந்து சேரும்.

சுவர்க் கடிகாரத்துக்கு வேண்டிய மின்னோட்டம் சொற்பம். அதற்குச் சாதாரணக் கட்டையே போதும். புயல் இரவுக்கென்று அலமாரியில் வைக்கும் டார்ச்சுக்கு அல்கலைன் கட்டை போடுங்கள். பழைய வகை நிக்கல் கலம் சும்மா கிடந்தே சில மாதங்களில் பெருமளவு இறங்கிவிடும். ஒன்று: சாதாரணக் கட்டையை மின்னேற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும்.