வட கரேலியாவின் வெற்றி

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்து, ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த நாடு. அதன் கிழக்கெல்லையில், ரஷ்யாவை அடுத்து, வட கரேலியா என்னும் மாநிலம் அமைந்துள்ளது. மரம் வெட்டுதலும் உழவும் ஆ வளர்ப்பும் அங்குள்ளோர் தொழில்கள். கடுங்குளிரில் உழைத்து உரம் ஏறிய அம்மக்களை 1960-களில் ஒரு துயரம் சூழ்ந்தது. உழைக்கும் பருவத்து ஆடவர் பலர் மாரடைப்பால் மாண்டனர். உலகிலேயே இதய நோய்ச் சாவு மிகுந்த இடங்களுள் ஒன்றாக அம்மாநிலம் இருந்தது.

உரம் மிக்க உடலை வீழ்த்திய பகை யாது? அஃது அவர்தம் உண்கலத்திலேயே இருந்தது. ரொட்டியில் கனமாகத் தடவிய வெண்ணெய், ஏடு நீக்காத பால், கொழுத்த இறைச்சி, மிகுந்த உப்பு ஆகியனவே அவர்கள் நாள்தோறும் உண்டவை. காய்கறிகளை விரும்பி உண்போர் சிலரே. புகை பிடிக்கும் ஆடவரோ பலர்.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். உடலுக்கு அது வேண்டுவதே. வேண்டிய அளவைக் கல்லீரலே ஆக்கிக்கொள்ளும். வெண்ணெய் போன்றவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டால், குருதியில் கொலஸ்டிராலின் அளவு உயரும். மிகுந்தது தமனிகளின் உட்சுவரில் படிந்து, குருதி செல்லும் வழியைக் குறுக்கும். அப்படிவு வெடித்து, அங்கே குருதி உறைந்து வழியை அடைத்தால், மாரடைப்பு நேரும்.

மக்களின் சார்பாளர்கள் 1971-இல் அரசிடம் முறையிட்டனர். அதன் பயனாக, 1972-இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர். நோயுற்றபின் மருந்தளிப்பது மட்டும் போதாது, மக்களின் அன்றாடப் பழக்கமே மாறல் வேண்டும் என்பது அவர் துணிபு.

மாற்றம் எளிதில் வரவில்லை. வெண்ணெயைக் குறைக்கச் சொன்னபோது, பாலால் பிழைத்த உழவர்கள் மனம் வருந்தினர். அவர்களுள் சிலர் பின்னர், அந்நிலத்துக்கு ஏற்ற பெர்ரி என்னும் சிறுகனிகளைப் பயிரிடலாயினர். மகளிர் சங்கத்தினர் ஊர்தோறும் கூடி, பழைய உணவு வகைகளையே கொழுப்பைக் குறைத்தும் காய்கறியைக் கூட்டியும் சமைத்துச் சுவை பார்த்தனர். வெண்ணெய் இருந்த இடத்தில் தாவர எண்ணெய் வந்தது. கொலஸ்டிராலை மிகுதியாகக் குறைப்பது எவ்வூர் எனச் சிற்றூர்கள் தமக்குள் போட்டியும் நடத்தின!

திட்டத்திற்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிட, 2012-ஆம் ஆண்டளவில், உழைக்கும் பருவத்து ஆடவரிடையே இதய நோய்ச் சாவு விகிதம் 80 விழுக்காட்டுக்குமேல் குறைந்திருந்தது. புகையை விட்டமையும், குருதி அழுத்தம் தணிந்தமையும், மருத்துவ வளர்ச்சியும் இதற்குத் துணைநின்றன. எனினும், கொலஸ்டிரால் குறைந்தமையே முதன்மையான காரணமாகும்.

மாணவர்களே, உடலுழைப்பு நன்று. ஆயினும், அஃது ஒன்றே காப்பாகாது. காய்கறி, கனி, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றை விரும்பி உண்பதும், நெய்யையும் வெண்ணெயையும் அளவோடு கொள்வதும், நாள்தோறும் நடப்பதும், புகையை அணுகாதிருப்பதும் இளமையிலேயே பழக வேண்டியவை. மருத்துவர் மருந்து கொடுத்திருப்பின், அதனையும் தவறாது உண்ணல் வேண்டும். தனி ஒருவருக்கு அரிதாகத் தோன்றும் மாற்றம், வீடும் ஊரும் கூடி முயன்றால் எளிதாகும் என்பதே வட கரேலிய மக்கள் உலகிற்குக் காட்டிய உண்மை.